விடை இல்லாத மோட்டார்

எசக்கியப்பனுக்கு எம்.எஸ்சி. இயற்பியலில் அது கடைசி வருடம். பம்பு செய்யும் கம்பெனி ஒன்று திங்கட்கிழமை அவனை நேர்முகத்துக்கு அழைத்திருந்தது. ஏற்கெனவே இரண்டு கம்பெனிகள் திருப்பி அனுப்பிவிட்டன. இதுவும் கைவிட்டுப் போனால் மாமாவின் பாத்திரக்கடையில் போய் நிற்க வேண்டியதுதான். அவனுக்குப் பயமாக இருந்தது.

பேராசிரியை லூர்து மேரியிடம் போனான்.

"மேடம், கம்பெனி வேலைக்கு நான் என்ன படிக்கணும்?"

"படிக்கது இருக்கட்டும். லேபுக்குப் போயி, பெண்டுலம் ஆட்டி, புவியீர்ப்பு 'ஜி' எவ்வளவுன்னு பாத்துட்டு வா."

மேடத்தின் டீ ஆறுவதற்குள் வந்து நின்றான்.

"ஒன்பது புள்ளி எட்டு, மேடம். ரீடிங் எல்லாம் எழுதிட்டேன்."

"பெண்டுலம் பீரோவுக்குள்ள இருக்கு. சாவி எங்கிட்டல்லா இருக்கு?"

எசக்கியப்பன் அசடு வழிந்தான். பள்ளிக்கூடத்திலிருந்தே தெரிந்த விடையை முதலில் எழுதிக்கொண்டு, அதற்குத் தோதான அளவுகளைப் பின்னால் இட்டு நிரப்புவது அந்தக் கல்லூரியில் ஒரு சம்பிரதாயம். அதில் அவன் பெரிய கெட்டிக்காரன்.

மேடம் கோபப்படவில்லை. விழுந்து விழுந்து சிரித்தார்.

"சரி, ஹாஸ்டல் மோட்டார் நிமிசத்துக்கு எவ்வளவு தண்ணி ஏத்துதுன்னு பாத்துட்டு வா."

"சரியான விடை எவ்வளவு மேடம்?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"எந்த புக்குல இருக்கும்?"

"ஹாஸ்டல் மோட்டாருக்கு யாருப்பா புக்கு போடுவா?"

மோட்டாரில் அளவு பொறித்திருந்த தகடும் எப்போதோ உதிர்ந்து போயிருந்தது. பாவம், பார்த்து எழுதக்கூட வழியில்லை. வாளியும் செல்போனுமாக மொட்டைமாடிக்கு ஏறினான். ஒரு தடவை இருபத்தெட்டு லிட்டர் வந்தது. மறுதடவை முப்பத்திரண்டு. தன் கையில்தான் பிசகு என்று திரும்பத் திரும்ப அளந்தான். துணி காயப்போட வந்த பையன்கள், "என்ன சயின்டிஸ்ட், குளிக்கவா அளக்கவா?" என்று கேலி செய்தார்கள். அவன் காதில் விழவே இல்லை. நடுவில் ஒரு தடவை லேபுக்கு ஓடி வோல்ட் மீட்டரை எடுத்து வந்தான்.

சாயங்காலம் தொப்பலாக நனைந்து, முகமெல்லாம் பல்லாக மேடத்தின் முன்னால் நின்றான்.

"ஒரே விடை வரமாட்டேங்குது மேடம். இருபத்தெட்டுக்கும் முப்பத்திரண்டுக்கும் நடுவுல ஆடுது. கரண்டு டல்லடிச்சா குறையுது, மீட்டர் வச்சே பாத்துட்டேன். வாளில அளந்ததால அரை லிட்டர் முன்னபின்ன இருக்கும். ராத்திரி எவ்வளவு ஏறும்னு தெரியல. அத நான் பாக்கல."

"திங்கக்கிழமை அங்க போயும் இப்படியே பேசு."

அவன் சிரிப்பு சட்டென்று அடங்கியது.

"தெரியலன்னு சொன்னா வேலை குடுப்பாங்களா மேடம்? அவங்களுக்குச் சரியான விடை தெரிஞ்சிருக்குமே?"

"தெரிஞ்சிருந்தா ஒன்னய எதுக்குப்பா கூப்பிடுதாங்க?"