ஆம்ப்ளிஃபயருக்குள் எழுதிய பெயர்

குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடனுக்கு அறுபத்தொன்று. சிரிக்காதீர்கள், சீடன் நான்தான்.

தூத்துக்குடியில் முப்பத்து மூன்று வருஷம் இயற்பியல் வாத்தியாராக இருந்தவன் நான். தங்கப்பழம் சார் என்றால் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் வேறு பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். ரிட்டயர் ஆனதும் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் கற்றுக்கொள்ள ஜெனோவாவின் கடையில் போய் நின்றேன். பிளஸ் டூவில் என்னிடம் படித்தவள்தான், பார்டர் பாஸ். கடைக்கு வெளியே அவளை ‘வாம்மா, போம்மா’ என்பேன். உள்ளே டீச்சர்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம். செட்டைச் சரிசெய்தவர் உள்பக்கத் தகட்டில் மார்க்கரால் பெயரும் தேதியும் எழுத வேண்டும். மூடிவிட்டால் வெளியே தெரியாது. அடுத்து திறக்கிற ஆள்தான் பார்ப்பார்.

“நான் எப்போ எழுதுறது டீச்சர்?” என்று எட்டு மாசமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“யாரும் சொல்லாம ஒரு பழுதை நீங்களா கண்டுபிடிக்கிற அன்னிக்கு.”

ஒரு சனிக்கிழமை காலையில் கிளாட்வின் என்ற கிடார்க்காரர் தன் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு வந்தார். சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஒரு கல்யாண ரிசப்ஷனில் வாசிக்க வேண்டும். செட் போன மாசம்தான் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கிடாரை மாட்டாமலே ‘ம்ம்ம்’ என்று உறுமியது. கொஞ்ச நேரம் நிற்கும், மறுபடியும் உறுமும்.

“சார் பார்ப்பாங்க” என்று சொல்லிவிட்டு, ஜெனோவா மாதா கோயில் மைக் செட்டைப் பார்க்கக் கிளம்பிவிட்டாள்.

கிளாட்வின் என் நரைத்த தலையைப் பார்த்தார். “நீங்களா சார் பார்க்கப் போறீங்க?”

“ஏன், பார்த்தா எப்படித் தெரியுது?” என்றேன். எனக்குச் சுருக்கென்று இருந்தது.

நேராகக் கரண்ட் கொடுக்கவில்லை. நூறு வாட் குண்டு பல்பு வழியாகக் கொடுத்தேன். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழுசாக எரியும். இது ஒரு தடவை மின்னிவிட்டு மங்கிக்கொண்டது. ஷார்ட் இல்லை. பல்பைக் கழற்றிவிட்டு, இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு பவர் சப்ளையில் வோல்டேஜ் பார்த்தேன். இரண்டு கையும் பட்டால் கரண்ட் நெஞ்சு வழியாகப் பாயும், அதனால் இடது கை பின்னால் இருக்க வேண்டும் என்பது குரு சொன்ன முதல் பாடம். முப்பத்தெட்டு காட்ட வேண்டிய இடத்தில் இருபத்தாறு காட்டியது.

பெரிய கெப்பாசிட்டரை ஒரு ஐஸ் குச்சியால் லேசாக அசைத்தேன். உறுமல் நின்றது. குச்சியை எடுத்தேன், உறுமியது.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்குக் கல்யாணம் ஆன அன்றைக்குக்கூட அவ்வளவு சந்தோஷம் இல்லை. பிளக்கைப் பிடுங்கி, கெப்பாசிட்டரில் மிச்சமிருந்த கரண்டை இறக்கி, போர்டைக் கழற்றி லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கெப்பாசிட்டரின் ஒரு காலில் சோல்டர் சரியாகப் பிடிக்காமல், சுற்றிலும் மோதிரம் மாதிரி விரிசல்.

“எந்தக் கத்துக்குட்டி பார்த்த வேலைடா இது!” என்று கத்தியே விட்டேன்.

“யாரு சார்?” என்றார் கிளாட்வின்.

தகட்டில் டார்ச் அடித்தேன். ‘ஜெனோவா 14.3.19’ என்று எழுதியிருந்தது.

“தெரியல. நீங்க போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க.”

அவர் போனார். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ‘என் கை பட்ட செட்டு திரும்பி வராது’ என்று ஜெனோவா வாடிக்கையாளர்களிடம் கழுத்தை நிமிர்த்திச் சொல்வாள். ஊரே அதைச் சொல்லும். நானும் நாலு பேரிடம் ‘என் ஸ்டூடண்ட்’ என்று பீற்றியிருக்கிறேன். இப்போது நான் என் பெயரை எழுத வேண்டுமென்றால் அவள் பெயரைக் கெடுக்க வேண்டும்.

விரிசலுக்குப் புது சோல்டர் வைத்தேன். பஞ்சில் தின்னர் தொட்டு அந்தப் பெயரைத் துடைத்தேன்.

ஜெனோவா வந்தாள். “என்ன சார் பழுது?”

“கெப்பாசிட்டர் கால்ல டிரை சோல்டர்.”

“யார் வச்சது?”

“பேர் இல்லை டீச்சர்.”

அவள் டார்ச்சை வாங்கி உள்ளே அடித்தாள். “தகடு பூரா தூசி. இந்த இடம் மட்டும் முகம் கழுவின மாதிரி இருக்கே?”

நான் பஞ்சைச் சட்டைப் பைக்குள் திணித்தேன்.

“என்ன பேர் இருந்துச்சு சார்?”

“உங்க பேருதான். முப்பத்து மூணு வருஷம் போர்டுல தப்பை அழிச்ச கை டீச்சர். அது பாட்டுக்குப் போயிடுச்சு.”

“தேதி?”

“பதினாலு, மூணு, பத்தொன்பது.” பிறகு தாங்க முடியாமல் சொன்னேன். “ஏம்மா, ஆறு வருஷம் ஆச்சும்மா. மேடை மேடையாத் தூக்கிப் போட்ட செட்டு. யார் வச்சிருந்தாலும் விட்டிருக்கும்.”

“பக்கத்துக் காலும் நான் வச்சதுதான் சார். அது விடலையே.”

கிளாட்வின் டீ குடித்துவிட்டு வந்தார். ஜெனோவா எப்போதும் போலக் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு சொன்னாள். “அண்ணே, இந்தச் செட்டை முன்னாடி பார்த்தது நான்தான். நான் வச்ச சோல்டர்தான் விட்டுருச்சு. சார் கண்டுபிடிச்சுட்டாங்க. எங்க பிசிக்ஸ் சார்.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூக்குக் கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

கிளாட்வின் கிடாரை மாட்டி வாசித்துப் பார்த்தார். கையை எடுத்ததும் செட் கப்சிப்பென்று இருந்தது. சிரித்த முகமாக வண்டி பிடித்துவரப் போனார்.

ஜெனோவா செட்டை மூடவில்லை. மார்க்கரை என்னிடம் நீட்டினாள். “எழுதுங்க சார்.”

“வேண்டாம் டீச்சர். பொய் சொன்ன ஆளு நான்.”

அவள் மார்க்கரின் மூடியைக் கழற்றினாள். நான் துடைத்து வைத்த இடத்திலேயே தன் பெயரையும் அந்தப் பழைய தேதியையும் எழுதினாள். முன்னைவிடப் பெரிய எழுத்து. பிறகு மார்க்கரை என் கையில் வைத்தாள்.

“இதுக்குக் கீழ எழுதுங்க. ஜெனோவா விட்ட பழுதைக் கண்டுபிடிச்ச ஆளு யாருன்னு அடுத்து திறக்கிறவனுக்குத் தெரிய வேண்டாமா?”