பம்புக்காரருக்கு வந்த சோறு

சுரங்கத்து மேட்டில் ஒரு கஞ்சிமடம். அதை நடத்துகிற தையல்நாயகியம்மாவைக் குருவாக வரித்துக்கொண்டவர்களில் தேசிங்கும் ஒருவர். வயதில் அவர்தான் மூத்தவர். அதனால் அவள் அவரை அண்ணே என்பாள். அவர் அவளை அம்மா என்பார்.

குழிக்குள் ஊற்றுநீர் ஏறாமல் இறைக்கிற பம்பு தேசிங்கின் பொறுப்பு. மனசில் ஒரு கேள்வி புகுந்துவிட்டால் மனிதருக்குச் சோறு இறங்காது. அன்று பகல் ஷிப்ட் முடிந்ததும் தூக்குவாளியோடு நேரே மடத்துக்கு வந்துவிட்டார்.

"நிலக்கரிக்கு இன்னும் எத்தனை காலம், அம்மா?"

"குழிக்குள்ள இறங்குறவர் நீங்க. என்னைக் கேக்குறீங்க."

"சுரங்கத்தை மூடலாமான்னு சர்க்கார் யோசிக்குது. நாளைக்கு சுரங்க வாசல்ல ரெண்டு பக்கத்து ஆளுங்களும் கூடுற கூட்டம், நான் பேசணுமாம். நாட்டுக்கு விளக்கெரிய வேணாமாங்குறான் மகன். அவனுக்கு அங்கதான் சம்பளம். மூடித் தொலைங்கடாங்குறான் மச்சான். சுரங்கத்தால அவன் கிணறு வத்திப்போச்சு. எந்தப் பக்கம் பேசினாலும் வீட்டுல ஒரு இலை குறையும்."

அம்மா மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு குவியலை அவர் பக்கம் தள்ளினாள். அவரும் உரிக்கத் தொடங்கினார்.

"போன வேலைநிறுத்தத்துல எந்தப் பக்கம் இருந்தீங்க?"

"இதென்ன கேள்வி? நம்ம ஆளுங்க பக்கந்தான்."

"பம்பு ஓடிச்சே."

"ஓடாம? நிறுத்தினா அடியிலேருந்து தண்ணி முட்டிக்கிட்டு வரும். குழியே முழுகிட்டா, ஜெயிச்சவன் மறுநாள் எங்க வேலை செய்வான்? எல்லாரும் வெளியில நின்னாலும் பம்புக்காரன் உள்ள போகலாம். அது எங்க வழக்கம்."

"கருங்காலின்னு யாரும் திட்டலையா?"

"திட்டுவானா? கொடி பிடிச்சவனே எனக்குச் சோறு கொண்டாந்தான். குழம்புல உப்பில்லைன்னு அவன்கிட்ட சண்டை வேற போட்டேன்."

அம்மா சிரித்தாள். "சரி. மூடியாச்சு. எல்லாரும் வீட்டுக்குப் போயாச்சு. பம்பு?"

"அப்பவும் ஓடணும். சட்டுனு நிறுத்தினா கரை சரியும். கரைமேலதான் மச்சான் ஊரு. மண்ணைப் போட்டுக் குழியை நிரவுற வரைக்கும் ஓடணும்."

"கரண்ட்?"

"நம்ம அனல்மின் நிலையம்..."

அவர் விரலிடுக்கில் ஒரு மொச்சை உரிபடாமல் நின்றது.

"அதுக்குக் கரி ஏது? வெயில்லேருந்தோ காத்துலேருந்தோ வரணும். அதுக்கு லைனை முன்கூட்டியே இழுத்து வச்சிருக்கணும்."

"இழுத்தாச்சா?"

"அதைப் பத்தி ரெண்டு பக்கமும் வாயே திறக்கலையே, அம்மா."

அம்மா அவருடைய தூக்குவாளியைத் திறந்தாள். காலையில் கட்டிய சோறு அப்படியே இருந்தது. தட்டில் கொட்டி அவர் முன்னால் வைத்தாள். வாளியைக் கழுவித் துடைத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"முதல்ல சாப்பிடுங்க, அண்ணே. நாளைக்கு இந்த வாளியைக் காலியாவே கூட்டத்துக்குக் கொண்டு போங்க. மூடின பிறகும் பம்பை ஓட்டிக்கிட்டு உள்ள நிக்கிற பம்புக்காரனுக்கு இதுல யாரு சோறு கொண்டாருவாங்கன்னு ரெண்டு பக்கத்தையும் கேளுங்க."