ஒரு எண், ஒரு ஆள்

குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடருக்கு ஐம்பத்தொன்பது. இந்தக் கதையில் அப்படித்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குருவின் பெயர் ஜெசிந்தா. மலையடிவாரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் டாக்டர். உபதேசம் செய்கிற வழக்கம் அவருக்கு இல்லை, அதற்கு நேரமும் இல்லை. சீடர் தணிகாசலம், வங்கிகளுக்குக் கணினி முறைகளை அமைத்துக் கொடுத்து ஓய்வு பெற்றவர். வெளிநாட்டு நன்கொடையில் அந்த ஆஸ்பத்திரிக்குக் கணினிகள் வந்து இறங்கியபோது, சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவரும் வந்து இறங்கினார்.

"எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும், டாக்டர். ஆஸ்பத்திரி தெரியாது. நீங்கதான் சொல்லித் தரணும்."

"கூடவே இருங்க சார். தானா வரும்."

கூடவே இருந்தார். சீட்டு எழுதிக்கொண்டிருந்தவர்களுக்குத் தட்டச்சு பழக்கினார். மருந்து இருப்பு, காலிப் படுக்கை, பரிசோதனை முடிவு எல்லாம் திரையில் வர ஆரம்பித்தன. ஒரு தாளுக்காக வராந்தா முழுக்க ஓடிக்கொண்டிருந்த நர்சுகள் உட்கார்ந்த இடத்திலேயே பார்த்தார்கள். அவருக்கு மட்டும் இஞ்சி தட்டிப் போட்ட டீ தனியாக வந்தது. மனுஷர் கொஞ்சம் பூரித்துத்தான் போனார்.

அப்போதுதான் அந்த எண் அவர் கண்ணில் பட்டது.

நோயாளியின் கைபேசி எண்ணைப் போடாவிட்டால் கணினி அடுத்த பக்கத்துக்கு விடாது. அந்த இடத்தில் ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தது. அந்தப் பதிவுகள் எல்லாவற்றிலும் ஊர் நெடும்பாறை, மலைமேல் இருப்பது. அந்த எண்ணுக்குச் சொந்தக்காரர் ஒரே வருடத்தில் கண்புரை எடுத்துக்கொண்டிருந்தார், பாம்புக்கடிக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார், பிள்ளை பெற்றிருந்தார், நடுவில் விரைவீக்கத்துக்கும் ஆபரேஷன் செய்துகொண்டிருந்தார்.

தணிகாசலத்துக்குச் சிரிப்பு வரவில்லை. வங்கியில் ஊறிய மூக்கு அது.

"டாக்டர், எங்க தொழில்ல ஒரு எண்ணுன்னா ஒரு ஆள். இது யாரு? நீங்க பார்த்திருக்கீங்களா?"

"தெரியுமே. ரொம்ப நல்ல ஆளு. ஒரு நாள் காட்டறேன்," என்று சொல்லிக்கொண்டே ஜெசிந்தா பிரசவ வார்டுக்கு ஓடிவிட்டார்.

கேலி செய்கிறார் என்று தணிகாசலம் நினைத்தார். ஏதோ பெரிய குடும்பமாக இருக்கும், எல்லாரையும் ஒரே கோப்பில் சேர்த்துவிட்டால் பெயர்கள் வரிசையாக நிற்கும் என்று கணக்குப் போட்டார். அன்று கர்ப்பிணிகள் வரும் நாள். நெடும்பாறைப் பெண்கள் ரத்தம் கொடுத்துவிட்டு ஒற்றையடிப் பாதையில் மலையேறிப் போய்விட்டார்கள். கூட்டம் ஓய்ந்ததும், ஒரே எண் உள்ள பதிவுகளை ஒன்றாக்கச் சொல்லிப் பொத்தானை அழுத்தினார்.

மென்பொருள் வேறு கணக்குப் போட்டது. முதல் பெயரை வைத்துக்கொண்டு மற்றவற்றை விழுங்கிவிட்டது.

சற்று நேரத்தில் பரிசோதனைக்கூடத்திலிருந்து ஒரு முடிவு திரையில் சிவப்பாக வந்தது. ஜெசிந்தா அதைப் படித்தார்.

"இந்தப் பொண்ணுக்கு ஈரல் கெட்டுக்கிட்டிருக்கு. இன்னிக்கே பிள்ளையை வெளிய எடுக்கணும். இல்லேன்னா ரெண்டு உயிரும் போயிடும். பேரு என்ன சார்?"

தணிகாசலம் பதிவைத் திறந்தார்.

பெயர் சடையன். ஆண். வயது அறுபத்திரண்டு. கீழே, கர்ப்பம் எட்டாம் மாதம்.

அவர் முந்தின நாள் எடுத்து வைத்த நகலில் தேடினார். அன்று காலையில் எடுத்த ரத்தத்தின் பதிவு அதில் எப்படி இருக்கும்? ரத்தம் எடுத்த நர்சுக்கும் எந்தக் குப்பி யாருடையது என்று தெரியவில்லை. முன்பெல்லாம் குப்பியில் பெயரைக் கையால் எழுதுவார்கள். பதிவு எண்ணை ஒட்டினால் போதும் என்று மாற்றியதும் அவர்தான்.

"கொன்னுட்டேன், டாக்டர்."

"நீங்க கேட்டப்பவே நான் நின்னு சொல்லியிருக்கணும். அதெல்லாம் அப்புறம் பேசலாம். அந்த எண்ணைக் கூப்பிடுங்க."

"பேரே இல்லையே. யாரைக் கேக்கறது?"

"கூப்பிடுங்க சார்."

ஸ்பீக்கரில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு மூச்சு வாங்க ஒரு பெண் குரல். பின்னால் ஆடுகள் கத்தின.

"ஆருங்க?"

"ஆஸ்பத்திரியிலேருந்து டாக்டர் பேசறேன்மா. காலையில ரத்தம் குடுத்த புள்ளத்தாச்சிங்கள்ல ஒருத்திக்கு உயிருக்கு ஆபத்து. யாருன்னு எங்களுக்குத் தெரியல. தப்பு எங்க மேலதான்."

திட்டுவாள் என்று தணிகாசலம் காத்திருந்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

"அப்ப எல்லாரையும் தூக்கியாறோம்," என்றது குரல்.

அவள் கைபேசியை அணைக்கவில்லை. வார்த்தையே இல்லாமல் நீளமாக ஒரு கூவல் கூவினாள். தள்ளி எங்கேயோ ஓர் ஆண் குரல் அதை வாங்கிக்கொண்டது. அதற்கும் அப்பால் ஒரு குழந்தையின் குரல். பிறகு வேறொரு சரிவிலிருந்து, கேட்கிறதா இல்லையா என்னும்படி, இன்னொன்று. ஒரு கூவல் அடங்குமுன் அடுத்தது எழுந்தது. ஊருக்கு ஊர் கம்பி இழுத்து இணைப்புக் கொடுத்த மனிதர் தணிகாசலம். அவர் வாயைத் திறந்தபடி நின்று கேட்டார்.

வெயில் சாய்ந்த நேரம் காவலாளி சத்தம் போட்டார். எல்லாரும் வாசலுக்கு ஓடினார்கள்.

மலைச்சரிவில் ஜனம் இறங்கி வந்துகொண்டிருந்தது. முதலில் மூங்கில் கழியில் போர்வை கட்டிய ஒரு தூளி. அதன் பின்னால் இன்னொன்று, அதற்கும் பின்னால் வேறொன்று. ஒவ்வொன்றிலும் ஒரு கர்ப்பிணி. சுமக்கிறவர்கள், தோள் மாற்றப் பக்கத்திலேயே ஓடிவருகிறவர்கள், கிழவர்கள், கைக்குழந்தைக்காரிகள். ஆடுகளை மேலே தனியாக விட ஆளில்லாமல் அவற்றையும் ஓட்டி வந்திருந்தார்கள். நன்றாக நடக்கக்கூடிய பெண்களைக்கூட நடக்க விடவில்லை. ஆபத்து யாருக்கு என்று தெரியாததால், எல்லாருக்கும்தான் என்று வைத்துக்கொண்டு ஊரே சுமந்து வந்திருந்தது. தணிகாசலத்துக்குக் கண்ணை மறைத்தது. துடைத்துக்கொண்டு அவரும் போய் ஒரு தூளிக்குத் தோள் கொடுத்தார்.

மறுபடி ரத்தம் சோதித்தார்கள். ஆபத்து வெள்ளச்சி என்ற பெண்ணுக்குத்தான்.

"வயித்துக்கு மேல வலிச்சுது. வாயுன்னு நெனச்சு சுக்குத்தண்ணி குடிச்சேன். சொமக்க வேணாம்னு சொன்னா கேக்கறாங்களா?" என்று சிரித்தாள். சிரித்த முகத்தோடே உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

வெளியே, யாரும் கேட்காமலே, ரத்தம் கொடுப்பதற்குக் கையை நீட்டிக்கொண்டு ஒரு வரிசை நின்றது. முன்னால் நின்ற கிழவரிடம் தணிகாசலம் பெயர் கேட்டார்.

"சடையன்."

எட்டாம் மாதம் என்று திரை சொன்ன சடையன் இவர்தான் என்று தணிகாசலத்துக்குப் புரிந்தது. "அந்த போன் உங்களுதுங்களா?"

"எனக்கேது? அது கடுக்கா மரத்துல பையில தொங்குது. அங்கதான் டவர் வரும். அந்தப் பக்கம் போறவங்க எடுப்பாங்க."

"இன்னிக்கு எடுத்தது யாருங்க?"

"ஆரோ எடுத்தாங்க," என்றார் சடையன், அதைத் தெரிந்து என்ன செய்யப் போகிறாய் என்பதுபோல.

விளக்கு வைக்கும் நேரத்தில் உள்ளே குழந்தை அழுதது. முற்றத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். ஜெசிந்தா வெளியே வந்து, "ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க," என்றார். பிறகு கிளம்பிய சத்தத்தில் ஆடுகள் மிரண்டன.

தணிகாசலம் மேசைக்குப் போனார். விழுங்கப்பட்ட பெயர்களை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுத வேண்டும். அதற்கு முன்னால் ஒரு வேலை இருந்தது. மலைமேல் கைபேசியை எடுத்த அந்தப் பெண்ணுக்குச் சேதி சொல்ல வேண்டும். அவள் மரத்தடியிலேயே காத்திருப்பாள். எண்ணை அழுத்தினார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அழுத்தினார்.

கையைத் துடைத்துக்கொண்டு ஜெசிந்தா வந்து பக்கத்தில் நின்றார்.

"யாரும் எடுக்கலையே, டாக்டர்."

ஜெசிந்தா ஜன்னல் வழியாக, முற்றம் நிறைய உட்கார்ந்திருந்த ஊரைப் பார்த்தார்.

"எப்படி எடுக்கும் சார்? அந்த ஆளுதான் இங்க வந்து உக்காந்திருக்கே."