மலிவு டிஸ்க் வாங்கிய மாமனார்

சடையாண்டிக்கும் அவருடைய தம்பிகள் காத்தமுத்து, ஒண்டிவீரன் இருவருக்கும் சேர்த்து ஓர் ஆளுக்கு வேண்டிய புத்தி இருப்பதாக ஊரில் சொல்வார்கள். ஊர்க்காரர்களுக்குத் தாராள மனசு.

மூவரும் கல்யாண வீடியோ ஸ்டூடியோ நடத்தினார்கள். சடையாண்டியின் மகள் பொன்னரசிக்கே கல்யாணம் முடிந்து, அன்று மாலை பஸ்ஸில் புகுந்த வீடு போகிறாள். "கல்யாண வீடியோ கையில வந்தாத்தான் பஸ் ஏறுவேன்" என்று சம்பந்தியம்மா சொல்லிவிட்டார். சடையாண்டிக்குச் சோறு இறங்கவில்லை. பெண்ணைப் பெற்றவருக்கு மானம் போகிற விஷயமல்லவா?

வீடியோவைக் காப்பி செய்து கொடுக்க டிஸ்க் வாங்கலாமென்று மூவரும் டவுனுக்குப் போனார்கள். கம்ப்யூட்டர் கடை ஜெபராஜ், வயரில் மாட்டுகிற இரண்டு ஹார்ட் டிஸ்குகளை எடுத்து வைத்தார்.

"ரெண்டுலயும் ஒரே அளவுதான் பிடிக்கும். இது பழைய மாடல் இணைப்பு, பாதி விலை, காப்பியாக அரை நாள் இழுக்கும். அது புது இணைப்பு, பத்து நிமிஷத்துல முடிஞ்சிரும். அவசரம்னா அதை வாங்குங்க. எதை வாங்குனாலும் காப்பியாகும்போது டிஸ்கை அசைக்காதீங்க."

மூவரும் ஓரமாகப் போய் ஆலோசித்தார்கள்.

"அண்ணே, அரை நாள் உழைக்கிறவனுக்குப் பாதிக் கூலி, பத்து நிமிஷத்துல கையைக் கழுவிட்டு உக்கார்றவனுக்கு முழுக் கூலியா? இது எந்த ஊரு நியாயம்?" என்றான் காத்தமுத்து.

"காலையில இருந்து நடந்த கல்யாணம்ண்ணே," என்றான் ஒண்டிவீரன். "பத்து நிமிஷத்துல முடிக்கணும்னா ஐயர் பாதி மந்திரத்தை முழுங்கித்தான் ஆகணும்."

மகள் கல்யாணத்தில் மந்திரம் குறைவதா? சடையாண்டி உழைப்பாளி டிஸ்கையே வாங்கினார்.

ஸ்டூடியோவில் காப்பி தொடங்கியது. டிஸ்க் அசைந்துவிடக் கூடாதென்று ஃபேனை நிறுத்தினார்கள். தும்மல் வந்த ஒண்டிவீரன் தெருமுனைவரை ஓடிப்போய்த் தும்மிவிட்டு வந்தான். திரையில் பச்சைக் கோடு மட்டும் நகர்வதாகத் தெரியவில்லை.

"சமதரையில ஓடுது, அதான் சுணங்குது," என்றான் காத்தமுத்து. "டிஸ்கு பள்ளத்துல இருந்தா எல்லாம் தானா இறங்கிரும்."

"டிஸ்கை அசைக்கக் கூடாதேடா!"

"கம்ப்யூட்டரை அசைக்கலாமில்ல?"

நியாயம்தான். வயர் எட்டிய மட்டும் கம்ப்யூட்டரைத் தூக்கிப் பிடித்தபடி மூவரும் நின்றார்கள். கை கடுத்தது. கோடு ஒரு நூல் நகர்ந்தது. "பாத்தீங்களாண்ணே!" என்றான் காத்தமுத்து.

அதற்குள் பஸ் ஹாரன் கேட்டது. சடையாண்டி திரையைப் பார்த்தார். மாப்பிள்ளை அழைப்பு முழுசாக வந்திருந்தது. முகூர்த்தம் தொடங்கவே இல்லை. டிஸ்கைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்.

டிஸ்க் கைக்கு வந்ததும் சம்பந்தியம்மா முகம் மலர்ந்து பஸ் ஏறினார். பின்னாலேயே படியில் கால் வைத்த பொன்னரசியை, சடையாண்டி கையைப் பிடித்துக் கீழே இழுத்தார்.

"என்னப்பா?"

"இப்பத்தாம்மா மாப்பிள்ளை அழைப்பு முடிஞ்சிருக்கு. கல்யாணத்துக்கு இன்னும் எவ்வளவோ நேரம் கிடக்கு. கல்யாணம் ஆகாத பொண்ணை அடுத்தவன்கூட எப்படிம்மா அனுப்புவேன்?"

"அப்பா, கழுத்துல தாலி கிடக்கே!"

சடையாண்டி பதறிப்போய்ச் சுற்றுமுற்றும் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை உருவி மகள் கழுத்தைச் சுற்றிப் போர்த்தினார்.

"மெதுவாப் பேசு தாயி. முகூர்த்தத்துக்கு முன்னாடியே கட்டிட்டான்னு தெரிஞ்சா ஊரு சிரிக்கும்."