மேற்கு வாசலுக்குப் போகாதவர்கள்

முன்னொரு காலத்திலே கருவேலி நாட்டை வீரமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான், ஆனால் காலையில் பிடித்தது மாலையில் பிடிக்காது.

தலைநகரில் இரண்டு விகடக் கூத்துகள் நடந்தன. கிழக்கு வாசலில் 'நாலு கட்டு வீடு', மேற்கு வாசலில் 'மாப்பிள்ளைச் சத்திரம்'. இரண்டும் தொடர்கதை. தினமும் விளக்கு வைக்கும் வேளையில் ஒரே சமயத்தில் தொடங்கும். ஒன்றைப் பார்க்கிறவர் மற்றதைப் பார்க்க முடியாது. ஊர் இரண்டாகிப் போனது. கிழக்குக்காரர் மேற்குக்காரருக்குப் பெண் கொடுப்பதில்லை. சந்தையில் ஒருவருக்கு மண்டையே உடைந்தது.

ராஜா கிழக்குக் கட்சி. மந்திரி பதவிமேல் கண்வைத்திருந்த தளபதி சேந்தனார், மேற்குக் கூத்து படுமட்டம், அதை விரட்ட வேண்டும் என்று ராஜாவின் காதில் ஓதிக்கொண்டே இருந்தார். ஒருநாள் ராஜா மந்திரி தில்லைநம்பியை அழைத்து, எது மட்டம் என்று நாளைக்குச் சபையில் தீர்ப்புச் சொல்லவேண்டும், தோற்ற குழு பொழுது சாய்வதற்குள் எல்லை தாண்டிவிட வேண்டும் என்றார். மேற்குக் குழுவில் பதினெட்டுப் பேர். அதில் ஒருத்தி நிறைமாதக்காரி.

தில்லைநம்பிக்கு ஐம்பத்து நாலு வயது. அவரும் கிழக்குக் கட்சிதான். ஓலையை எடுத்தார். 'மேற்குக் கூத்து மட்டம்' என்று எழுத்தாணி தடையில்லாமல் ஓடியது. காரணம் எழுதவேண்டிய இடத்தில் நின்றுவிட்டது. ஒருநாளாவது நான் அங்கே போயிருக்கிறேனா? யாரோ சொன்னார்கள். அவர்களுக்கு யார் சொன்னார்கள்? மந்திரியான இருபது வருஷத்தில் இப்படி எத்தனை ஓலை எழுதினோமோ? ஓலையைக் கிழித்துப் போட்டார்.

மறுநாள் சபையில், கண்ணால் கண்டவர் மட்டுமே சாட்சி சொல்லலாம் என்றார். மேற்குக் கூத்து எப்படி மட்டம் என்பதை நேரில் கண்டு விரிவாகச் சொல்பவருக்குப் பட்டுச் சால்வை என்றும் அறிவித்தார்.

அதுவரை கூச்சலிட்ட கிழக்குக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருவர் மட்டும் தன் மைத்துனர் பார்த்ததாகச் சொல்லி உட்கார்ந்தார். வழக்கு நழுவுவதைப் பொறுக்காமல் சேந்தனார் எழுந்தார்.

"தீபாவளிக்கு வந்த ஏழு மாப்பிள்ளைகள் ஊருக்குத் திரும்பவே மாட்டேன் என்கிறார்கள், அரசே. மாமனார் ஜாடையாக வாசலில் வண்டி கட்டி நிறுத்துகிறார். மூத்தவன் ஏறிப் போகிறான். மாமனார் சாமி கும்பிடுகிறார். அவனோ சந்தைக்குப் போய்த் திரும்பி வந்து, 'மாமா, கத்தரிக்காய் நல்ல பிஞ்சு. குழம்பு வைக்கச் சொல்லுங்க' என்கிறான். இதெல்லாம் ஒரு கூத்தா?"

மாமனார் கும்பிட்டதையும் மாப்பிள்ளை கூடை சுமந்ததையும் நடித்தே காட்டிவிட்டார். சபை சிரித்தது. ராஜா சிம்மாசனத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"எத்தனை நாள் பார்த்தீர், சேந்தனாரே?"

"குற்றம் கண்டுபிடிக்கத்தான் அரசே... பதினோரு நாள்."

"அந்தப் பதினோரு நாளும் வயிற்றுவலி என்று என்னிடம் சொன்னீரே."

ராஜா மந்திரி பக்கம் திரும்பித் தீர்ப்பைக் கேட்டார்.

"மட்டம் என்றவர்கள் பார்க்கவில்லை, அரசே. பார்த்தவர் பதினோரு நாள் போயிருக்கிறார். நானும் பார்க்காமலே எழுதத் துணிந்தவன்தான். என்னையும் அவர்களோடு சேர்த்துக்கொள்ளுங்கள்."

"நானும்தான் போனதில்லை" என்றார் ராஜா. சால்வை மேற்குக் குழுவுக்கு, அதைச் சேந்தனாரே கொண்டுபோய்ப் போர்த்த வேண்டும் என்று உத்தரவிட்டார். மந்திரிக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். மேற்குக் கூத்து இரண்டு நாழிகை தள்ளி, கிழக்குக் கூத்து முடிந்ததும் தொடங்கட்டும், அது போதும் என்றார் தில்லைநம்பி.

அன்று ஊரே இரண்டையும் பார்த்தது. தில்லைநம்பியும் மேற்கு வாசலில் கூட்டத்தோடு கடைசிவரை உட்கார்ந்திருந்தார். மறுநாள் ராஜா ஆவலோடு எப்படி இருந்தது என்று விசாரித்தார்.

"எனக்குப் பிடிக்கவில்லை, அரசே" என்றார் மந்திரி. "இன்றைக்கும் போகிறேன்."