உழவனும் வணிகனும்

பிரம்மநாயகம் பள்ளிக்கூட வாத்தியார். வயது ஐம்பத்திரண்டு. பகுதிநேர ஆய்வு மாணவராகச் சேர்ந்து ஏழு வருஷம் இழுத்தடித்தாயிற்று. அவருடைய நெறியாளர் ரெஜினாவுக்கு நாற்பத்தொன்றுதான். அவர் இவரை அண்ணாச்சி என்பார், இவர் அவரை மேடம் என்பார்.

வெள்ளிக்கிழமைக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. திங்கட்கிழமை காலையில் மனிதர் வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றார்.

"மேடம், நாலாவது இயல் போச்சு."

"எங்க போச்சு?"

அமெரிக்கா புதிதாய்ப் பிறந்து, அரசியல் சட்டம் வேண்டுமா வேண்டாமா என்று ஊர் ஊராக மல்லுக்கட்டிய காலம் பற்றிய இயல் அது. அப்போது பத்திரிகையில் பெரும்பாலும் புனைபேரில்தான் எழுதுவார்கள். ஒரு சின்ன ஊர்ப் பத்திரிகையில் 'உழவன்' வேண்டாம் என்று எழுத, 'வணிகன்' வேண்டும் என்று எழுத, பதினெட்டு வாரம் சண்டை. விவசாயிகள் ஒரு பக்கம், வியாபாரிகள் ஒரு பக்கம் என்று அதை வைத்து அறுபது பக்கம் தீட்டியிருந்தார் நம்ம வாத்தியார்.

"ரெண்டு பேரும் ஒரே ஆள் மேடம்! பத்திரிகை அச்சடிச்சவனே ரெண்டையும் எழுதியிருக்கான். அவன் அண்ணனுக்குப் போட்ட கடுதாசி நேத்துதான் இணையத்துல சிக்கிச்சு. 'இரண்டும் நானே'ன்னு ஒத்துக்கிடுதான். பேப்பர் விக்கணும்னு நாடகம் போட்டிருக்கான், களவாணிப் பய!"

"கடுதாசியை முழுசாப் படிச்சீங்களா?"

"அந்த வரியிலயே கண்ணு இருட்டிட்டு. மூடி வச்சிட்டேன்."

ரெஜினா திட்டவில்லை. இரண்டு வெள்ளைத் தாளை அவர் பக்கம் தள்ளினார்.

"நீங்கதான் வெளித்தேர்வாளர்னு வச்சுக்கிடுங்க. இந்த இயலைக் கிழிகிழின்னு கிழிங்க."

"இப்பவா?"

"இப்பத்தான்."

வேறு வழியில்லாமல் எழுத ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் கை நிற்கவே இல்லை. உழவன் என்று பேர் போட்டால் உழவனாகிவிடுவானா, ஊரே இரண்டாய்ப் பிரிந்ததற்கு ஆதாரம் எங்கே என்று இரண்டு தாளும் நிறைந்துவிட்டது.

ரெஜினா வாங்கிப் படித்தார்.

"அடேயப்பா! யாரு அண்ணாச்சி உங்களுக்கு இப்படி ஒரு விரோதி?"

"நான்தான மேடம் எழுதினேன்."

"அந்த அறுபது பக்கம்?"

"அதுவும் நான்தான்."

"எதுல பொய் சொன்னீங்க?"

"ரெண்டுலயும் சொல்லல. அதை எழுதும்போது அதை நம்பினேன். இதை எழுதும்போது இது..."

பிரம்மநாயகம் பையைத் துழாவிக் கடுதாசி நகலை எடுத்து, விட்ட இடத்திலிருந்து வாய்விட்டுப் படித்தார்.

"'ஓட்டெடுப்பு நெருங்குகிறது. எந்தப் பக்கம் கை தூக்குவதென்று இன்னும் விளங்கவில்லை, அண்ணா. இருபக்கமும் எழுதி எழுதிப் பார்க்கிறேன்.'"

நாற்காலியில் பொத்தென்று சாய்ந்தார். சிரிப்பு வந்தது.

"அப்பாடா! பாவம் மேடம் அந்த மனுஷன். நான் பாட்டுக்குக் களவாணின்னுட்டேன்."

சிரிப்பு அடங்கியதும் லேசாக ஒரு பயம் எட்டிப் பார்த்தது.

"ஆனா இயல்ல நான் சண்டைன்னுல்ல எழுதியிருக்கேன்?"

"சண்டை நிஜம்தான் அண்ணாச்சி. ரெண்டு கூட்டத்துக்கு நடுவுல தேடினீங்க, அது ஒருத்தன் நெஞ்சுக்குள்ள நடந்திருக்கு. வீட்டுக்குப் போய் அதை எழுதுங்க."