ஜமீன்தார் சுட்ட சேவல்

ஐப்பசி மழை சற்று விட்டிருந்த ஒரு காலையில், மலையடிவாரத்து ஜமீன்தார் வீரபூபதி தன் புதுச் சம்பந்தியைக் காட்டுக்கோழி வேட்டைக்கு அழைத்துப் போனார். கையில் சீமையிலிருந்து தருவித்த துப்பாக்கி. அதன் குழலுக்குள் கட்டைவிரலே நுழையும். வழிகாட்ட, அந்தக் காட்டிலேயே குடியிருந்த சடைமாயன் முன்னால் நடந்தான்.

புதரிலிருந்து ஒரு சேவல் எழும்பியது. ஜமீன்தார் சுட்டார். மலையே அதிர்ந்தது. சேவல் மரங்களுக்கு மேலே பறந்து போய்விட்டது.

"விழுந்துடுச்சு!" என்று சம்பந்தியிடம் சொன்ன ஜமீன்தார், சடைமாயன் பக்கம் திரும்பினார். "போய் எடுத்துட்டு வாடா. வெறுங்கையோட வந்தா, இன்னைக்கே குடிசையைப் பிரிச்சுக்கிட்டு மலையை விட்டு இறங்கிடு."

சடைமாயன் புதர்ப்பக்கம் ஓடினான். அவன் மனைவி பிள்ளை பெற்று மூன்று நாள்தான் ஆகியிருந்தது. புதரெல்லாம் துழாவிவிட்டு, கீழே கிடந்த ஒற்றை இறகோடு திரும்பினான்.

"இவ்வளவுதான் சாமி மிஞ்சிச்சு. யானைக்கு வைக்கிற வெடியைக் கோழிக்கு வச்சா கறி எப்படிங்க மிஞ்சும்?"

ஜமீன்தார் பெருமையாக மீசையைத் தடவினார். அந்த நேரம் பார்த்து அதே சேவல் எதிர்மரத்தில் வந்து உட்கார்ந்து கூவியது.

"அப்போ அது என்னப்பா?" என்று கேட்டார் சம்பந்தி.

சடைமாயன் கைகட்டி நின்றான். "அதுவும் எங்க ஜமீன்தார் சுட்டதுதான் சாமி. செத்துப்போன சங்கதி அதுக்கு இன்னும் தெரியலை. போய்ச் சொல்லிட்டு வரட்டுங்களா?"

சம்பந்தி விழுந்து விழுந்து சிரித்தார். ஜமீன்தார் முறைக்கத்தான் பார்த்தார். முடியாமல் அவரும் சிரித்துவிட்டார்.

"வேண்டாம்டா. அது தெரியாமலே இருந்துட்டுப் போகட்டும். நீயும் உன் குடிசையிலேயே இரு."

சடைமாயனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.